கன்னடக் கவர்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இன்று இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தொண்ணூறுகளில் யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவர்கள் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசியிருப்பேன். வாய் அப்படி. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், என் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் என் வீட்டுக்காரர், அவருக்குக் காது மந்தம். இன்னொருத்தி ஹாசன்காரி.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் கிராஸ் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அறுபது எழுபது வீடுகள், எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்துப் பிரித்து ஒரே கதவு எண்ணில் மூன்று வீடு, நான்கு வீடு என்று ஆகியிருந்தது. போஸ்ட்மேன் தேடித் தேடி அலுத்துப்போய், எல்லாத் தபாலையும் சங்கத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார். சங்கம் என்றால் பெரிய கட்டிடம் இல்லை. ஷீட் போட்ட ஒரே அறை. சுவரில் புத்தர் படம், கீழே ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, மைக் செட். கூரை மேல் ஹாரன். நல்லியில், அதாவது தெருக்குழாயில், தண்ணீர் விட்டால், ரேஷன் கடைக்குச் சீமெண்ணெய் வந்தால், சொட்டு மருந்து போட நர்ஸ் வந்தால், யாருக்காவது தபால் வந்தால், எல்லாம் அந்த ஹாரனில்தான் சொல்ல வேண்டும். சாவுச் செய்தி என்றால் பேசுவதற்கு முன்னால் மைக்கை மூன்று தடவை விரலால் தட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டாலே பெண்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த மைக்கில் பேசியது நான். எங்கள் கிராஸில் பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணிய முதல் பெண் நான்தான், தமிழ் மீடியம். கார்மெண்ட்ஸில் வேலை செய்துகொண்டிருந்தேன். இடுப்புவலி வந்து வேலையை விட்ட பிறகு சங்கத்துச் சாவி முழுதாக என் கைக்கு வந்தது. சம்பளம் கிடையாது. ஆனால் தெருவில் நடந்தால், "இன்னாக்கா, இன்னிக்கி தண்ணி எப்போ?" என்று பெரியவர்கள்கூட நின்று கேட்பார்கள். அந்த மரியாதை எனக்குச் சோற்றைவிட ருசியாக இருந்தது.

தொண்ணூற்றொன்றின் கடைசியில் காவேரிக் கலவரம், ஊரில் தமிழர்களைத் தேடி அடித்தார்கள். எங்கள் சங்கத் தலைவர் ஹாரனைக் கழற்றித் தன் கட்டிலுக்கு அடியில் சாக்கு போட்டு மூடி வைத்தார். பல நாள் கிராஸ் ஊமையாகிக் கிடந்தது. மறுபடி மாட்டியபோது கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் எந்த அறிவிப்பும் முதலில் கன்னடத்தில், அப்புறம் தமிழில். அது நியாயமான முடிவுதான். என் கன்னடம்தான் நியாயமாக இல்லை. மார்க்கெட்டில் பேரம் பேச, பஸ்ஸில் கண்டக்டரிடம் சண்டை பிடிக்க எனக்குக் கன்னடம் உண்டு. படிக்க ஓர் எழுத்து தெரியாது. பஸ் போர்டையே நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். தண்ணீர் வந்திருக்கிறது என்று நான் மைக்கில் கன்னடத்தில் சொன்னால் யாரையோ அடிக்கப் போகிறேன் என்பது போல இருக்கும் என்று தலைவரே ஒருநாள் சிரித்தார். நான் அவரோடு மூன்று நாள் பேசவில்லை.

இப்படி ஒரு வருஷம் போன பிறகு அவள் கல்யாணமாகி வந்தாள். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெயிண்டர் குடும்பம், அந்த வீட்டு மருமகள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், ஹாசனில் குவார்ட்டர்ஸ். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடம். ஒல்லியாக, எண்ணெய் வழியப் பின்னலைப் போட்டுக்கொண்டு, அமைதியாக இருப்பாள். முதல் வாரம் எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வாரம் தலைவர் அவளைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்.

"நீ தமிழ்ல சொல்லு, இவ கன்னடத்துல சொல்லட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்குங்க," என்றார் என்னிடம்.

அவள் பேசினாள். மெயின் ரோட்டில் போன ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திக் கேட்டார். பொய் இல்லை, நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. முடிவின்படி கன்னடம் முதலில் அல்லவா, எனவே அவள் பேசி முடிக்கும்வரை நான் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் சொன்னதையே திருப்பிச் சொல்கிற ஆளாக நான் ஆகிவிட்டேன். அதற்குள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டிருக்கும். எங்கள் ஆட்களுக்குக் கேட்டால் புரிகிற கன்னடம்தானே. குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் தமிழ் காலியான வாசல்களுக்குப் போய்ச் சேரும்.

அப்புறம் அவள் வீட்டு வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது. விதவைப் பென்ஷன் ஃபாரம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, எல்லாம் கன்னடம். அவள் தோசை வார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வாள். கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று ஊரே பேசியது. என் வீட்டு ஜன்னலில் இருந்து அந்த வரிசை தெரியும். அரிசி களையும் சாக்கில் நின்று எத்தனை பேர் என்று எண்ணுவேன். எண்ணி என்ன ஆகப்போகிறது, ஆனாலும் எண்ணுவேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "எந்தப் பிடாரி? நம்ம தெருவுலயா?" என்று சத்தமாகக் கேட்டார். ஜன்னலைச் சாத்தினேன்.

அவள் மைக்கில் பேசும்போது செட்டில் சத்தத்தை ஒரு புள்ளி குறைத்து வைப்பேன். என் முறை வரும்போது ஏற்றிக்கொள்வேன். இவ்வளவு அற்பமாக ஒருத்தி இருக்க முடியுமா என்றால், முடியும். அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியாது, ஒருநாளும் கேட்கவில்லை. என்னைவிட இரண்டே வயது சிறியவள், வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பாள். அதுகூட எனக்கு ஆகாது.

தபாலுக்கும் ஒரு முறை தானாக உண்டாயிற்று. தமிழில், இங்கிலீஷில் விலாசம் எழுதிய தபாலை நான் பெயர்வாரியாகப் பிரித்து, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கன்னட விலாசம் என்றால் பார்க்காமலே தனியாக எடுத்து வைத்து அவளிடம் கொடுத்துவிடுவேன். முக்கால்வாசி அவளுக்கே வரும், அவள் அம்மா எழுதுகிற கார்டு. மிச்சம் கச்சேரித் தபால், அதாவது சர்க்கார் ஆபீஸ் தபால், யாருடையது என்று அவளே படித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். இரண்டு வருஷம் அப்படியே நடந்தது. கன்னடக் கவர் என்றால் அவளுடையது. என் மூளையில் அது அப்படியே உறைந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கிராஸுக்கு அங்கன்வாடி வருகிறது என்று தலைவர் வந்து சொன்னார். சங்கத்து அறையிலேயே காலையில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம். டீச்சர் வேலைக்கு இதே கிராஸில் இருக்கிற, பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணிய பெண்தான் வேண்டும்.

வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. கல்யாணத்தின்போது பட்டுப்புடவைக்குக்கூட இவ்வளவு ஆசைப்படவில்லை. ஒரு நாற்காலி, ஒரு ரிஜிஸ்தர், எதிரே இருபது பிள்ளைகள், தெருவே என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவது. படுத்தால் அதுதான், எழுந்தால் அதுதான். விண்ணப்பம் கன்னடத்தில் இருந்தது. மூன்று வீடு தள்ளி அதை எழுதிக் கொடுக்க ஆள் இருந்தாள். நான் அவளிடம் போகவில்லை. பஸ் ஏறிச் சிவாஜிநகர் போய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஃபாரம் எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். ஆபீஸில் கொடுத்ததற்கு வட்டமான ஊதா சீல் குத்தி ஒரு சீட்டு தந்தார்கள். அதை அரிசி டப்பாவில் பத்திரமாக வைத்தேன்.

அடுத்த நாள் நல்லியில் அவளே சொன்னாள். "நானும் அர்ஜி போட்டிருக்கேன்கா. யாருக்குக் கெடச்சாலும் நம்ம கிராஸுக்குத்தானே."

"ஆமாம்மா, யாருக்குக் கெடச்சா என்னா," என்றேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள். நான் யார், பஸ் நம்பர் பார்க்கிறவள். தெருவெல்லாம் அவளுக்குத்தான் என்று பேசினார்கள், என் காதில் விழும்படியே பேசினார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போஸ்ட்மேன் கொடுத்த கட்டில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. விலாசம் கன்னடத்தில், வேகமாகக் கிறுக்கிய கையெழுத்து. மூலையில் அதே ஊதா சீல். என் சீட்டில் இருந்த அதே வட்டம். அர்ஜி போட்டது இரண்டு பேர், வந்தது ஒரு கவர், அதுவும் கன்னடக் கவர்.

மற்ற தபாலுக்கெல்லாம் மைக்கில் பெயர் கூப்பிட்டேன், குரல் ஒழுங்காகத்தான் வந்தது. அப்புறம் பீரோவைத் திறந்து, பந்தலுக்கு வைத்திருந்த வெள்ளைத் துணிகளுக்கு அடியில் அந்தக் கவரைச் சொருகினேன். ஒரே ஒரு நாள் வைத்திருக்கலாம், நாளைக்குக் கொடுத்துவிடலாம், அவள் ஒரு நாள் தவிக்கட்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. நாளை வந்தது. அன்றைக்குக் கொடுத்தால் ஏன் நேற்றே கொடுக்கவில்லை என்று கேட்பாளே என்று இன்னொரு நாள். இப்படியே பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பிரித்துப் பார்க்கவும் இல்லை. பிரித்தால் மட்டும் என்ன படிக்கப் போகிறேன்.

நடுவில் ஒருநாள் அவள் கேட்டாள். "கவர் ஏதாச்சும் வந்துச்சாக்கா?"

"வந்தா உன்னக் கூப்பிட மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் "சரிக்கா" என்று போய்விட்டாள்.

பன்னிரண்டாவது நாள் மத்தியானம். யாருடைய பென்ஷன் விஷயமாகவோ அந்த ஆபீஸ் பக்கம் போயிருந்தவள், வெயிலில் வேகமாக நடந்து நேராகச் சங்கத்துக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நீங்க ஏன் போவல? போன திங்கக்கிழமை உங்கள இன்டர்வியூக்கு வரச் சொல்லியிருந்தாங்களாமே."

"என்னையா?"

"உங்களத்தான். நம்ம கிராஸ்ல உங்க ஒருத்தருக்குத்தான் லெட்டர் போட்டாங்களாம். என்னுது தள்ளிட்டாங்க, எனக்கு ரேஷன் கார்டு இன்னும் ஹாசன்லயே இருக்குதில்ல. அதுவுமில்லாம இங்க எல்லாம் தமிழ்ப் பிள்ளைங்க, தமிழ் படிச்சவங்கதான் வேணும்னு ஆபீஸ் மேடமே சொன்னாங்களாம். நீங்க வரலன்னு அடுத்த கிராஸ்ல யாரையோ பாக்கறாங்க. லெட்டர் வரவேயில்லயாக்கா?"

கெடுவான் கேடு நினைப்பான் என்பதை மைக்கில் சொல்லாத குறையாக எத்தனை பேருக்கு நான் எடுத்துச் சொல்லியிருப்பேன். பேசாமல் இருந்திருக்கலாம். அவள் போன பிறகு கவரை அடுப்பில் போட்டிருக்கலாம். ஆனால் ஆசை விடவில்லை. ஒருவேளை உள்ளே வேறு தேதி ஏதாவது இருக்குமோ, திங்கள் விட்டால் இன்னொரு நாள் என்று எழுதியிருப்பார்களோ. அதைப் படிக்க எனக்கு அந்தக் கிராஸில் யார் இருந்தார்கள், அவளைத் தவிர? பீரோவைத் திறந்து, துணிகளைத் தூக்கி, கவரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் கவரைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டின ஒட்டு அப்படியே இருந்தது. தபால் முத்திரையைப் பார்த்தாள். திறந்து கிடந்த பீரோவைப் பார்த்தாள். அப்புறம் பிரித்து, முதலில் கன்னடத்தில் படித்து, அப்புறம் தமிழில் சொன்னாள், மைக்கில் சொல்கிற அதே வரிசையில். வேறு தேதி இல்லை.

கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். "இது என்னுதுன்னு நெனச்சீங்களா?"

அக்கா என்று சேர்க்காமல் அவள் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் பீரோவைச் சாத்தினேன்.

அவள் மேசையில் உட்கார்ந்தாள். பேப்பர் கேட்டாள், பேனா கேட்டாள். "கன்னடக் கவரெல்லாம் எங்கிட்டதான் வரும்னு எல்லாருக்கும் தெரியும். நான் ஊருக்குப் போயிருந்தேன், பிரிக்காம என் வீட்லயே கெடந்துடுச்சு, தப்பு என்னுதுன்னு எழுதறேன். நாளைக்கே போய்க் குடுக்கலாம்," என்றாள். எழுதினாள். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே என்ன எழுதினாள் என்றும் எனக்குத் தெரியாது. அவள் மேல் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று அந்த நிமிஷத்திலும் நெஞ்சு காந்தியது.

எனக்கு வேறொரு தேதி கொடுத்தார்கள். வேலையும் கிடைத்தது. ஆனால் விசாரிக்க வந்த மேடம் நடந்ததைத் தலைவரிடம் சொல்ல, அவர் அத்தனை பேர் முன்னால் அவளைக் கூப்பிட்டு, "இன்னொருத்தர் வயித்துப் பொழப்பும்மா, இப்பிடியா கவனமில்லாம இருப்பே?" என்று சத்தம் போட்டார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். கவனமில்லாமல் என்று அவர் சொன்னதைத் தெரு வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. "தனக்கு வரலன்னு ஒளிச்சு வெச்சிட்டா. கன்னடக்காரி புத்தியக் காட்டிட்டா," என்று நல்லியில் பேசினார்கள். கலவரத்து ஆறாத புண் எல்லாம் அவள் மேல் வந்து விழுந்தது. எங்களைப் போலவே தமிழ் பேசுகிற பெண், வீட்டில் கூழ் காய்ச்சிக் குடிக்கிற பெண், ஒரே நாளில் கன்னடக்காரி ஆகிவிட்டாள். வாசலில் வரிசை குறைந்தது. குடத்தை வைத்தால் நகர்த்தி வைத்தார்கள். நான் அங்கேதான் நின்றேன், என் குடத்தோடு. ஊருக்கே குரல் கொடுத்தவள், அன்று தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். டீச்சர் வேலை போய்விடும் என்று பயம். அடுத்த வருஷமே அவள் புருஷனுக்கு ஒசூர்ப் பக்கம் வேலை என்று வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். போகும்போது சங்கத்துக்கு வந்து, "வரேன்கா," என்றாள்.

அங்கன்வாடி ரிஜிஸ்தர் கன்னடத்தில் எழுத வேண்டும். எனவே நானும் அ, ஆ-விலிருந்து கற்றுக்கொண்டேன், பிள்ளைகளோடு பிள்ளையாக. இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒருநாள் ஆபீஸில் ஏதோ சான்றிதழுக்காக என் ஃபைலை எடுத்துக் கொடுத்து நகல் எடுத்து வரச் சொன்னார்கள். அவள் கடிதம் அதில் இருந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. என்னுடையது இத்தனை வருஷம் ஆகியும் கோணல், அவளுடையது அச்சு போல. எரிச்சலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். தப்பு தன்னுடையது என்பதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. இந்த அம்மா எங்கள் கிராஸில் எல்லாருக்கும் தபால் கொடுப்பவர், இதுவரை ஒரு கார்டுகூடத் தவறவிட்டதில்லை, பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தாள்.

ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது?

அன்று சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெண்கள் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்தேன். நல்லியில் குடத்தை நகர்த்தியவர்களும் அதில் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கவரைப் பீரோவில் வைத்தது நான், பன்னிரண்டு நாள் ஒளித்தது நான், என்னுடையது என்று தெரியாமல் ஒளித்தேன், பழியை அவள் ஏற்றுக்கொண்டாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

மூத்தவள் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தன் லெட்டரத் தானே யாராச்சும் ஒளிச்சு வெப்பாங்களா டீச்சர்? யார் கிட்ட கத சொல்றீங்க? அவ பண்ண தப்ப இன்னிக்கி வந்து நீங்க தலைல போட்டுக்கிறீங்க. எங்களுக்குத் தெரியாதா உங்க மனசு."

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். "இந்த மனசு அவளுக்கு இருந்துச்சா பாரு," என்றாள் இன்னொருத்தி. நான் மறுபடி முதலிலிருந்து சொல்லப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. எதிர் வீட்டிலிருந்து எனக்குக் காபி வந்தது, சர்க்கரை தூக்கலாக. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக் குடித்தேன்.